எஸ்பிரெசோ இயந்திரம் வாங்கும் முன் அடுக்களையை அளந்துகொள்ளுங்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அடுக்களைக்கு எஸ்பிரெசோ இயந்திரம் வந்து சேர்ந்த முதல் நாள், அதிலிருந்து இறங்கிய இரண்டு வாய்க் காப்பியை எட்டிப் பார்த்துவிட்டு ஆச்சி கேட்டார்: "எய்யா, இம்புட்டுக்காணும் காப்பிக்கா இம்புட்டுப் பெரிய மிசினு?" அப்போது சிரித்துவிட்டேன் என்றாலும், வாங்குவதற்கு முன்பே நான் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நம் பக்கத்தில் காப்பி என்றால் பாலும் சர்க்கரையும் சேர்ந்து தம்ளர் நிறைய, சூடாக, நுரையோடு வருவது. அந்தத் தம்ளரில் எஸ்பிரெசோவுக்கு உள்ள இடம் டிகாக்‌ஷனுடைய இடம் மட்டுமே. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், கடைக்காரர் காட்டும் வசதிகளில் பாதிக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதும், அவர் பேச்சே எடுக்காத இரண்டு மூன்று பொருள்களுக்குக் கட்டாயம் பணம் ஒதுக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

முதலில் இயந்திரம் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். மிக நுண்மையாக அரைத்து, அழுத்திச் சமன் செய்த காப்பித்தூளின் வழியே, 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை சூடான நீரை ஏறத்தாழ 9 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் செலுத்தி, அரை நிமிடத்துக்குள் சாற்றை எடுப்பதுதான் எஸ்பிரெசோ. 18 கிராம் தூளிலிருந்து 25 முதல் 30 வினாடிக்குள் 36 கிராம் காப்பி என்பது பலரும் தொடக்கமாக வைத்துக்கொள்ளும் கணக்கு. நம் பித்தளை பில்டரில் டிகாக்‌ஷன் தானாகச் சொட்டிச் சொட்டி இறங்க நேரம் எடுத்துக்கொள்கிறது; அந்த நிதானத்தில் சிறு பிழைகள் மறைந்துவிடும். இங்கே நேரமே அரை நிமிடம்தான் என்பதால் பிழைக்கு இடமில்லை. தூள் சற்றே பருமனாக இருந்தால் நீர் பத்து வினாடியில் ஓடி வந்து காப்பி புளிக்கும். அளவுக்கு மீறி நுண்மையாக இருந்தால் சொட்டுச் சொட்டாக வடிந்து கசக்கும்.

கடைக்குப் போனதும் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் உங்கள் கண்ணில் படுவது '15 பார்' அல்லது '20 பார்' என்ற எண்ணாகத்தான் இருக்கும். அதைப் புரிந்துகொள்ளப் பழைய கதை கொஞ்சம் உதவும். இத்தாலியின் தூரின் நகரத்தைச் சேர்ந்த ஆஞ்செலோ மொரியொந்தோ 1884-இலும், மிலான் நகரத்தின் லூயிஜி பெட்ஸெரா 1901-இலும் காப்புரிமை பெற்ற இயந்திரங்கள் நீராவியின் வலிமையையே நம்பியிருந்தன. அவற்றின் அழுத்தம் ஒன்றரை பாரைச் சுற்றியே நின்றது. அக்கீல்லே காஜ்ஜா 1938-இல் காப்புரிமை பெற்றுத் தொடங்கி, போருக்குப் பின் நெம்புகோலும் சுருள்வில்லும் கொண்டு செய்த இயந்திரங்களில்தான் அழுத்தம் 8, 9 பார் என உயர்ந்து, காப்பியின் மேல் 'கிரெமா' என்னும் பொன்னிற நுரை திரண்டது. 1961-இல் ஃபாயெமா நிறுவனத்தின் ஈ61 இயந்திரம் மின்பம்பைக் கொண்டு அந்த 9 பாரைச் சீராகத் தரும் முறையை நிலைநிறுத்தியது. ஆக, தேவையான எண் ஒன்பதுதான். பெட்டியில் போட்டிருக்கும் 15 என்பது, உள்ளே இருக்கும் சிறு அதிர்வுப் பம்ப், நீர் எங்கும் போக வழியில்லாமல் அடைபட்டு நிற்கும்போது எட்டக்கூடிய உச்ச அழுத்தம். நல்ல இயந்திரத்தில் ஒரு சுருள்வில் வால்வு இருந்து, மிகுதி அழுத்தத்தைத் தொட்டிக்கே திருப்பிவிட்டு, தூளின் மேல் 9 பார் அளவே விழும்படி பார்த்துக்கொள்ளும். எனவே கடைக்காரரிடம் எத்தனை பார் என்று கேட்பதைக் காட்டிலும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு இருக்கிறதா, அது எத்தனை பாரில் அமைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரரிடம் மற்றவற்றையும் நம்பிக் கேட்கலாம்.

வாங்கவே வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்களும் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் சிக்கரி கலந்த பில்டர் காப்பியின் மணமே பிடித்திருக்கிறது, டிகாக்‌ஷன் இன்னும் கொஞ்சம் திடமாக இருந்தால் போதும் என்றால், பில்டரில் தூளை ஒரு கரண்டி கூட்டிப் போடுங்கள். அல்லது 1933 முதல் இத்தாலிய வீடுகளில் அடுப்பின் மேல் கொதித்துக்கொண்டிருக்கும் மோக்கா பாத்திரம் ஒன்றை வாங்குங்கள். அதன் அழுத்தம் ஒன்று, இரண்டு பார்தான்; கிரெமா வராது; ஆனால் பாலோடு சேரும்போது அதன் காப்பி ஒன்றும் குறைந்து போவதில்லை. பழுதாவதற்கு ஒரு ரப்பர் வளையமும் ஒரு வால்வும் தவிர அதில் வேறெதுவும் இல்லை.

இதற்குப் பிறகும் எஸ்பிரெசோதான் வேண்டும் என்பவர்கள், இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன் கிரைண்டரைப் பார்க்க வேண்டும். கிரைண்டர் என்றதும் நம் வீடுகளில் மாவாட்டும் கல் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே சொல்வது காப்பிக் கொட்டையை அரைக்கும் சிறு கருவியை. மிக்சியில் பொடிக்கலாமே என்று அநேகமாக எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் கேட்பார்கள். மிக்சியின் பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறது. அதில் மாவு போன்ற தூசியும் ரவை போன்ற குருணையும் கலந்தே கிடைக்கும். 9 பார் அழுத்தத்தில் வரும் நீர் குருணை உள்ள பக்கமாக வழி கண்டு ஓடிவிட, தூசி உள்ள பக்கம் அடைத்துக்கொள்ளும். ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வரும். இரண்டு பற்சக்கரங்களுக்கு இடையே கொட்டையை நசுக்கி ஒரே அளவாக அரைக்கும் 'பர்' வகைக் கிரைண்டரே இதற்கு வேண்டும். அதிலும், நுண்மையை மிகச் சிறு சிறு படிகளாக மாற்றக்கூடியதாக அது இருக்க வேண்டும். ஏனெனில், எஸ்பிரெசோவில் முப்பது வினாடி இருபது வினாடியாகக் குறைவதற்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு மாற்றமே போதும். கையால் சுற்றும் நல்ல கிரைண்டர், அதே விலையுள்ள மின்கிரைண்டரைக் காட்டிலும் சீராக அரைக்கும் என்பது உண்மை. ஆனால் 18 கிராம் கொட்டையை எஸ்பிரெசோ அளவுக்கு அரைக்க ஒரு நிமிடமோ அதற்கு மேலோ கை வலிக்கச் சுற்ற வேண்டும். இருவர் மட்டும் உள்ள வீட்டில் அது விளையாட்டாகப் போய்விடும். காலை ஆறு மணிக்கு ஐந்து பேர் தம்ளரோடு காத்திருக்கும் வீட்டில் ஒரே வாரத்தில் அது அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். கைவசம் உள்ள தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது கிரைண்டருக்கென்று எடுத்து வைத்துவிட்டு, மீதியில் இயந்திரம் தேடுங்கள். இதைத் தலைகீழாகச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

கடையில் அரைத்து வாங்கினால் என்ன என்ற கேள்வி நியாயமானது. டவுனிலும் ஜங்ஷனிலும் கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் காப்பித்தூள் கடைகளுக்குப் பழகியவர்கள் நாம். தெருமுனையிலேயே மணம் வந்து கையைப் பிடித்து இழுக்கும். ஆனால் அங்கே இரண்டு தடைகள் உள்ளன. அரைத்த தூள் ஓரிரு நாளிலேயே மணத்தையும் வாயுவையும் இழந்துவிடுவதால், திங்கட்கிழமை முப்பது வினாடியில் இறங்கிய அதே தூள் வெள்ளிக்கிழமை இருபது வினாடியில் ஓடும். அதைச் சரிசெய்ய உங்களிடம் கிரைண்டர் இருக்காது. இரண்டாவது தடை சிக்கரி. காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பதே நம் உணவுப் பாதுகாப்பு விதி. எஞ்சியது முழுதும் சிக்கரியாக இருக்கலாம். நனைந்ததும் குழைந்து ஒட்டும் தன்மை சிக்கரிக்கு உண்டு. பில்டரில் அதுவே டிகாக்‌ஷனுக்குத் திடம் தருகிறது. எஸ்பிரெசோ இயந்திரத்தில் தூளை இடும் வடிகூடையின் நுண்துளைகளையும் அதற்கு மேலுள்ள சல்லடையையும் அதுவே அடைத்துவிடும். இயந்திரத்துக்குச் சிக்கரி கலவாத காப்பியை மட்டும் கொடுங்கள். பழைய மணத்தை விட மனமில்லாதவர்கள் பித்தளை பில்டரை அதன் இடத்திலேயே விட்டுவைக்கலாம்.

வடிகூடையைப் பற்றிப் பேச்சு வந்ததால், வாங்கும்போது வழி இரண்டாகப் பிரியும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். கைப்பிடியோடு கூடிய போர்ட்டாஃபில்டருக்குள் அமரும் அந்தக் கூடை இரண்டு வகைப்படும். ஒன்றில், உள்ளே பல துளைகள் இருந்தாலும் வெளியே ஊசிமுனை போன்ற ஒரே துளைதான் இருக்கும். அழுத்தத்தை அந்தத் துளையே உண்டாக்கிவிடுவதால், தூள் எப்படி இருந்தாலும் நுரையோடு ஏதோ ஒரு காப்பி வந்துவிடும். மற்றொன்று அடிப்பகுதி முழுவதும் துளைகளாக இருக்கும் ஒற்றைச் சுவர்க் கூடை. அதில் அழுத்தத்துக்குத் தூளே பொறுப்பு. கிரைண்டர் வாங்கப் போவதில்லை என்று முடிவாகிவிட்டால் முதல் வகைக் கூடையோடு வரும் எளிய இயந்திரத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் செலவிடும் தொகை வீண். கிரைண்டரும் வாங்குபவர்கள், ஒற்றைச் சுவர்க் கூடை கிடைக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். கூடையின் விட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்: 51, 54, 58 மில்லிமீட்டர் என்பவை வழக்கமான அளவுகள். கடைகளின் தொழில்முறை இயந்திரங்களில் பெரும்பாலும் 58 மில்லிமீட்டரே இருப்பதால், அந்த அளவுக்குக் கூடை, அழுத்தும் கட்டை முதலியன எளிதில் கிடைக்கும்.

பால் அடுப்பில் காயும் வீட்டுக்கு எந்த பாய்லர்

நீரைச் சூடாக்கும் அமைப்பைப் பொறுத்தே இயந்திரங்களின் விலை ஏறுகிறது. 'தெர்மோபிளாக்' என்னும் அமைப்பில், சூடான உலோகக் கட்டிக்குள் ஓடும் குறுகிய குழாயின் வழியே போகும்போதே நீர் சூடாகிறது. ஒரு நிமிடத்துக்குள் தயாராகிவிடும், விலையும் குறைவு, ஆனால் சூடு சற்று ஏறி இறங்கும். ஒற்றை பாய்லர் வகையில் சிறு கொதிகலன் ஒன்றே காப்பிக்கான நீரையும் பாலுக்கான நீராவியையும் மாறி மாறித் தருகிறது. சூடேறப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகும், காப்பி எடுத்த பிறகு நீராவிக்குக் காத்திருக்கவும் வேண்டும். நீராவி பாய்லருக்குள்ளேயே காப்பி நீருக்கான குழாயை ஓடவிடும் 'ஹீட் எக்ஸ்சேஞ்சர்' வகையும், இரண்டுக்கும் தனித்தனியே கொதிகலன் உள்ள இரட்டை பாய்லர் வகையும், காப்பி இறங்கிக்கொண்டிருக்கும்போதே பாலையும் நுரைக்கவிடும். இந்த வசதிக்காகவே விலை லட்சத்தைத் தொட்டு அதற்கு மேலும் போகிறது.

கஃபேக்களுக்கும், பாலை ஒவ்வொரு கோப்பையாக நுரைத்துக் குடிக்கும் வெளிநாட்டு வீடுகளுக்கும் அந்த வசதி தேவைதான். நம் வீடுகளில் விடிந்ததும் முதல் வேலையாகப் பால் அடுப்பில் ஏறிவிடுகிறது. அந்தப் பாலை டபராவில் ஊற்றி, மேலிருந்து எஸ்பிரெசோவை விட்டு, இரண்டு ஆற்று ஆற்றினால் நுரையும் வந்துவிடுகிறது. நீராவிக் குழாயால் பாலைச் சூடாக்குபவர்கள் 60, 65 டிகிரியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள். 70-ஐத் தாண்டினால் நுரை தளர்ந்து, பாலின் இனிப்பும் மங்கும். ஆச்சிமாரும் தாத்தாமாரும் அந்தச் சூட்டைச் சூடென்றே ஒப்புக்கொள்வதில்லை. எங்கள் வீட்டில் முதல் நாள் நுரைத்துக் கொடுத்த காப்பி 'ஆறிப்போச்சு' என்று அப்படியே திரும்பி வந்தது. ஆகவே, பால் அடுப்பில் காயும் வீட்டில் நீராவிக்கென்று பெரும்பணம் கொடுக்காதீர்கள் என்பதே என் துணிபு. நல்ல ஒற்றை பாய்லர் இயந்திரம் போதும். மிச்சமாகும் பணம் கிரைண்டருக்குப் போகட்டும்.

அந்த ஒற்றை பாய்லரில் ஒரே ஒரு வசதிக்கு மட்டும் கூடுதல் விலை கொடுக்கலாம்: வெப்பநிலையை ஓரிரு டிகிரிக்குள் நிறுத்தி வைக்கும் 'பிஐடி' கட்டுப்பாடு. சாதாரணத் தெர்மோஸ்டாட்டில் பாய்லரின் சூடு பல டிகிரி ஏறி இறங்கும்; விளக்கு அணைந்ததும் எத்தனை வினாடி கழித்து எடுத்தால் சரியாக வரும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். காஜ்ஜா கிளாசிக், ரன்ச்சீலியோ சில்வியா என்னும் இரண்டும் பல ஆண்டுகளாக வீடுகளில் புழங்கிவரும் 58 மில்லிமீட்டர் ஒற்றை பாய்லர் இயந்திரங்கள். முன்னதன் பாய்லர் 100 மில்லி அளவுக்குச் சிறியது, பின்னதுடையது 300 மில்லி. அடுத்தடுத்து நான்கைந்து தடவை எடுக்கும் வீட்டில் இந்த வேறுபாடு உணரப்படும்.

நீராவியில் நுரைத்தே தீர வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாக: நுரையைத் தாங்குவது பாலின் புரதம், நாக்குக்கு வழவழப்பைத் தருவது கொழுப்பு. ஆவினின் 6 விழுக்காடு கொழுப்புள்ள ஆரஞ்சு நிறப் பாக்கெட், 3 விழுக்காடுள்ள நீல நிறத்தைவிடத் தம்ளர் காப்பிக்கு ஏற்றது. பாக்கெட் பாலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, நேரே நுரைக்கலாம். கறந்த பால் வாங்கும் வீடுகளில் முதலில் காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை எடுத்து, குளிரவைத்த பிறகே நுரைக்க வேண்டும். கருப்பட்டி சேர்க்க விரும்பினால் அதை எஸ்பிரெசோவிலேயே கரைத்துவிடுங்கள். நீராவிக் குழாய் பாலைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது. (பால் இல்லாமல், உடன்குடிக் கருப்பட்டிப் பாகில் எஸ்பிரெசோவை விட்டு வெந்நீர் சேர்த்துக் குடித்துப் பாருங்கள்; நான் இதுவரை யாரிடமும் குறை கேட்டதில்லை.)

மின்சாரம்

அடுக்களையில் இருக்கும் பிளக் எது என்று போய்ப் பாருங்கள். 1350 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 5.9 ஆம்பியர் எடுக்கும். மிக்சி செருகும் 6 ஆம்பியர் பிளக்கின் எல்லையிலேயே அது நிற்கிறது. 16 ஆம்பியர் பவர் பிளக்கில் தனியே இணைப்பதே முறை. அதே பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பலகை வைத்து இண்டக்‌ஷன் அடுப்பையும் சேர்த்துச் செருகக் கூடாது. நீரும் உலோகமும் மின்சாரமும் சேர்ந்திருக்கும் கருவி என்பதால் எர்த் இணைப்பு கட்டாயம். பழைய வீடுகளில் மூன்று துளைப் பிளக் இருக்கும், பின்னால் எர்த் கம்பி இருக்காது. எலக்ட்ரீசியனை ஒருமுறை வரவழைத்துப் பார்த்துவிடுங்கள்.

மின்னழுத்தம் குறைந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சூடாக்கும் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட் 190 ஆக இறங்கினால், 1350 வாட் இயந்திரம் ஏறத்தாழ 920 வாட்தான் தரும். பாய்லர் சூடேற நேரம் கூடும், பம்பும் சோர்ந்துவிடும். மாலையில் விளக்கு மங்கும் தெருவில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ளுங்கள். மின்தடை நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரை நம்பவும் வேண்டாம். ஒற்றைப் பேட்டரியோடு வரும் வழக்கமான இன்வெர்ட்டர் 900 விஏ அளவையொட்டியே இருப்பதால் இந்தச் சுமையைத் தாங்காது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் இயந்திரத்துக்கு இங்கே தனி எச்சரிக்கை தேவை. நம் மாவட்டத்தில் அமெரிக்காவிலோ வளைகுடாவிலோ ஆள் இல்லாத தெரு அரிது. துபாய், கத்தார், குவைத் முதலிய இடங்களில் மின்சாரம் நம்முடையதைப் போலவே 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்; பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். சவூதியில் ஹெர்ட்ஸ் 60. அமெரிக்க இயந்திரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அதை இங்கே ஓட்ட 2 கேவிஏ அளவுக்கு மின்மாற்றி வேண்டும், அது இயந்திரத்தைவிடக் கனக்கும். அப்படியே ஓட்டினாலும், மின்மாற்றி வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கென்று சுற்றிய அதிர்வுப் பம்ப் 50-இல் மெதுவாகத் துடித்துக் கூடுதலாகச் சூடேறும். அத்தான் அன்போடு தூக்கி வருகிறேன் என்றால், கிரைண்டரைக் கேளுங்கள். அதுவும் கையால் சுற்றுவதைக் கேளுங்கள்.

தண்ணீர்

மற்றவற்றில் தவறினால் காப்பி கெடும். தண்ணீரில் தவறினால் இயந்திரமே கெடும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணி நீரில் உப்பு குறைவு, பருப்பு வேகும், சோப்பு நுரைக்கும், பாய்லரும் பிழைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு செம்மண் நிறத்தில் வரும்போது மட்டும் தெளியவைத்து வடிகட்டி ஊற்ற வேண்டும். நாங்குநேரிக்குத் தெற்கேயும் திசையன்விளைப் பக்கமும் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகளில் கதை வேறு. வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு, இயந்திரத்தின் குழாய்க்குள்ளும் படியும். ராதாபுரம் பக்கம் மைனி வீட்டில் நேரே குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டிய தெர்மோபிளாக் இயந்திரம் எட்டே மாதத்தில் நூல் போல் வடிக்கத் தொடங்கி, பிறகு நின்றே போனது. குறுகிய குழாய் என்பதால் அந்த வகை விரைவில் அடைத்துக்கொள்கிறது.

அப்படியானால் ஆர்ஓ தண்ணீரை ஊற்றலாமே என்றால், அதுவும் முழு விடையன்று. தாது உப்பே இல்லாத நீரில் காப்பியின் சுவை தட்டையாகிறது. அத்தகைய நீர் உலோகத்தையும் மெல்ல அரிக்கும். நீரின் மின்கடத்தும் தன்மையைக் கொண்டு மட்டத்தை அறியும் உணரி உள்ள பாய்லர்களில், தண்ணீர் இருந்தும் இல்லை என்று இயந்திரம் ஏமாறக்கூடும். காப்பிக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் கரைந்த உப்புகள் உள்ள நீரையே துறைசார்ந்தோர் இலக்காகச் சொல்வார்கள். பாய்லரின் ஆயுளையும் எண்ணிப் பார்த்தால் 100-ஐ ஒட்டி இருந்தாலும் நன்று. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இயந்திரத்துக்கு முன்பே அதை வாங்குங்கள். ஆர்ஓ நீர் 20, குழாய் நீர் 800 என்று காட்டினால், ஒன்பது பங்கு முதலாவதும் ஒரு பங்கு இரண்டாவதும் கலந்தால் ஏறத்தாழ 98 வரும். ஆனால் மீட்டர் எல்லா உப்பையும் கூட்டித்தான் காட்டும். சுண்ணாம்பா, சோற்றுப்பா என்று பிரித்துச் சொல்லாது. உவரி, இடிந்தகரை போன்ற கடலோரத்தில் வாயில் வைத்தாலே கரிக்கும் தண்ணீராக இருந்தால் அதைக் கலக்கவே வேண்டாம். அதிலுள்ள குளோரைடு துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கும். உறவினர் வீட்டு ஆற்று நீரை ஒரு கேனில் பிடித்து வந்து ஆர்ஓவோடு கலந்துகொள்ளலாம். மாதத்துக்கு இருபது லிட்டர் கூடச் செலவாகாது.

எந்தத் தண்ணீராக இருந்தாலும், கையேடு சொல்லும் இடைவெளியில் சிட்ரிக் அமிலக் கரைசலை ஓடவிட்டுப் படிவை நீக்க வேண்டும். அளவைக் கையேட்டைப் பார்த்தே கலக்குங்கள். வினிகர் வேண்டாம், அதன் வாடை ரப்பர் வளையங்களில் தங்கிவிடும்.

மேடையும் தம்ளரும்

அடுக்களை மேடையின் ஆழத்தையும், மேலே உள்ள அலமாரிக்கும் மேடைக்கும் இடையே உள்ள உயரத்தையும் நாடாவால் அளந்துகொள்ளுங்கள். பல இயந்திரங்களில் தண்ணீர்த் தொட்டி மேற்புறமாகத்தான் திறக்கும். அலமாரி இடித்தால் ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தை முன்னே இழுத்தே தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். காப்பி இறங்கும் மூக்குக்கும் கீழ்த் தட்டுக்கும் இடையே உங்கள் வீட்டுத் தம்ளர் நிற்குமா என்பதையும் பாருங்கள். எஸ்பிரெசோக் கோப்பைகளுக்கென்றே வடிவமைத்த இயந்திரங்களில் நம் எவர்சில்வர் தம்ளர் நுழையாது. கடைக்குப் போகும்போது தம்ளரைப் பையில் எடுத்துச் சென்றே நான் அளந்தேன். கடைப் பையன் சிரித்தான், பிறகு அவனே இரண்டு இயந்திரங்களை ஒதுக்கி வைத்தான். அடுப்புக்கு அருகே வைக்காதீர்கள். தாளிக்கும் எண்ணெய் படிந்து பிசுக்காகும். இரவில் சூடு தேடி வரும் கரப்பான் பூச்சிகளுக்கு இயந்திரத்தின் உட்புறம் பிடித்தமான இடம் என்பதால் சுற்றுப்புறத்தைத் துடைத்து வையுங்கள்.

பழுது பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்று விலை பேசுவதற்கு முன்பே கேளுங்கள். நெல்லையில் விற்பனை இருக்கும்; சேவை மையம் மதுரையிலோ சென்னையிலோதான் இருக்கும். அனுப்பும் செலவு யாருடையது, ரப்பர் வளையம், சல்லடை, பம்ப் ஆகியவை தனியே கிடைக்குமா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டியையும் தெர்மோகோலையும் பரணில் பத்திரப்படுத்துங்கள். தொடுதிரையும் பல பொத்தான்களும் உள்ளதைக் காட்டிலும், மூன்று சுவிட்சுகள் மட்டும் உள்ள இயந்திரத்தை உள்ளூர் மெக்கானிக் திறந்து பார்க்கத் துணிவார்.

செலவைப் பற்றி ஒரு கணக்கு. 18 கிராம் வீதம் எடுத்தால் கால் கிலோ கொட்டை பதினான்கு தடவைகூட வராது. ஒரு தடவை எடுத்ததை இரண்டு தம்ளருக்குப் பிரித்து, நாளைக்கு மூன்று தடவை எடுக்கும் வீட்டுக்கு 54 கிராம் ஆகிறது. மாதத்துக்கு ஒரு கிலோ 600 கிராமை ஒட்டி வரும். இயந்திரத்தின் விலையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் இரண்டாம் மாதத்தில் கொட்டையின் விலையைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். பாலோடு குடிப்பதற்கு முழு அரபிக்கா தேவையில்லை. நல்ல ரோபஸ்டா கால் பங்கு கலந்தால் விலையும் குறையும், திடமும் கிரெமாவும் கூடும். ரோபஸ்டாவில் கஃபைன் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் மாலை ஆறு மணிக்கு மேல் குடிப்பவர்கள் அளவைக் குறைத்துக்கொள்ளட்டும். வறுத்த தேதி அச்சிட்ட பொட்டலமாக, ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே வாங்குங்கள்.

இயந்திரம் வீட்டுக்கு வந்ததும் முதல் வாரத்திலேயே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், சிலவற்றைச் சோதித்துவிட வேண்டும். தூள் இல்லாமல் இரண்டு தொட்டித் தண்ணீரை ஓடவிட்டு, அடியில் எங்காவது கசிகிறதா என்று செய்தித்தாள் விரித்துப் பாருங்கள். பிறகு எடைத்தட்டில் 18 கிராம் எடுத்து, கைப்பேசியில் வினாடியை எண்ணிக்கொண்டு, கிரைண்டரின் நுண்மையை ஒவ்வொரு படியாக மாற்றி, 36 கிராம் அரை நிமிடத்துக்குள் வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். எங்களுக்கு அதற்கு முக்கால் கிலோ கொட்டையும் நான்கு நாளும் பிடித்தன. அந்த இடம் கிடைத்ததும், அடுத்தடுத்து நான்கு தடவை எடுத்துப் பார்த்து, நான்காவதும் முதலாவதைப் போலவே சூடாக இறங்குகிறதா என்று பாருங்கள். போர்ட்டாஃபில்டரைப் பூட்டும்போது கைப்பிடி நேர்கோட்டுக்கு வந்து இறுக வேண்டும். அதைத் தாண்டி வெகுதூரம் சுழன்றால் ரப்பர் வளையம் சரியில்லை என்று பொருள், அன்றைக்கே கடைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.